பீரோ உயரத்துப் பொய்

எங்கள் தொழிலில் ஒருவனைப் பற்றி இன்னொருவனிடம் யாராவது விசாரித்தால், உள்ளதை இரட்டித்துச் சொல்ல வேண்டும். எழுதாத சட்டம். மேடையில் வழுக்கி விழுந்து, கதவில் மூக்கை இடித்துக்கொண்டு, அறை வாங்கி ஊரைச் சிரிக்க வைக்கிறவர்களின் சட்டம். ஒருவன் சுமாராகக் குட்டிக்கரணம் போடுவான் என்றால், "அந்தரத்திலேயே நின்று தலை சீவிக்கொண்டு இறங்குவான்" என்போம். கேட்கிற முதலாளிக்கும் இது தெரியும். காதில் விழும்போதே பாதியாக்கிக்கொள்வார். கடைசியில் கணக்கு சரியாகவே வந்துவிடும். உள்ளதை உள்ளபடி சொன்னால்தான் ஆபத்து. அவர் அதையும் பாதியாக்க, அந்த ஆளின் பிழைப்பில் மண் விழும்.

இந்தச் சட்டத்தை என் அளவுக்கு மதித்தவன் கிடையாது. பிறந்தவுடனே தேவைக்கு மேல் அழுதேன் என்று என் அம்மா சொல்லுவாள். ஆகவே இந்தக் கதையில் எங்கெல்லாம் நம்ப முடியவில்லையோ அங்கெல்லாம் நீங்களும் பாதியாக்கிக்கொள்ளுங்கள். பாதியாக்கக் கூடாத இடம் வந்தால் நானே சொல்லுகிறேன்.

மேடையில் என் பெயர் முட்டு. என் ஜோடியின் பெயர் பம்பரம். அவன் விழுவான், நான் பிடிப்பேன். அவன் அறைவான், நான் வாங்குவேன். மேடை அறையில் அறைகிறவன் கை கன்னத்தில் படவே படாது. வாங்குகிறவன்தான், பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாமல், நெஞ்சுக்கு நேராகத் தன் இரண்டு கையையும் 'பளார்' என்று தட்டிச் சத்தம் உண்டாக்க வேண்டும். ஆயுள் முழுக்க இப்படி என் அறைகளை நானே செய்துகொண்டேன். பம்பரத்தின் கை என் கன்னத்தில் ஒரு தடவைகூடப் பட்டதில்லை, அவன் என் தங்கையைக் கட்டிக்கொண்டு எனக்கு மாப்பிள்ளை ஆன பிறகும்கூட.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். தோள் போனதில் வலது கை காது வரைக்கும்கூட ஏறாது. அதற்கு மேல் யாரைப் பிடிப்பது? ஓய்வில் எனக்குக் கொள்ளைச் சந்தோஷம். மழை பெய்தால் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, தெருவில் வழுக்குகிறவர்களுக்கு மார்க் போடுவேன். குடையைக் காப்பாற்றிக்கொண்டு விழுந்தால் கூடுதல் மார்க்.

பம்பரம் ஓய்வு பெறவில்லை. இடுப்பு மூட்டை எடுத்துவிட்டு டாக்டர் இரும்பு வைத்தபோது, "ஆணி இல்லாம பம்பரம் ஏது மச்சான்?" என்று சிரித்தான். வீட்டைத் தாண்டி ஒருவருக்கும் இது தெரியக் கூடாது என்று என்னிடமும் தங்கையிடமும் சத்தியம் வாங்கினான். அதற்குப் பிறகு அவனை யாரும் கூப்பிடவில்லை. போனைத் துடைத்துத் துடைத்து அதன் கண்ணாடி பாதியாய்த் தேய்ந்துவிட்டது.

ஒரு நாள் காலை, வாயில் இரண்டு கிளிப்பைக் கவ்விக்கொண்டு துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது எனக்குப் போன் வந்தது. இளம் பெண் குரல். புது நாடகம் ஒன்றின் இயக்குநராம்.

"முட்டு சாருங்களா? உங்க ஜோடி பம்பரம் சாரைப் பத்திக் கேக்கணும். எங்களுக்கு ஒரு விழுற ஆள் வேணும். அவரு இன்னும் விழுவாரா?"

கிளிப்பைத் துப்பினேன்.

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க! பீரோ மேல ஏத்தி விடுங்க. அங்கேருந்து பூ உதிர்ற மாதிரி விழுவான். தரைக்கு வர்றதுக்குள்ள சட்டைப் பொத்தானைப் போட்டு முடிச்சிருப்பான்!"

"பீரோவா? நெஜமாவா சார்?"

"அதுவும் சின்ன பீரோவா இருந்தா அவனுக்குக் கோவம் வரும்மா."

"சரிங்க சார். ரொம்ப தேங்க்ஸ்."

அவள் சிரிக்கவில்லை. பழைய முதலாளிகள் இந்த இடத்தில் "போய்யா, கதை விடாதே" என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புதான் பாதியாக்கியாயிற்று என்பதற்கு ரசீது. அது வரவில்லை என்பதை நான் கவனித்தேன். கவனித்துவிட்டு மிச்சத் துணியைக் காயப்போட்டேன்.

உண்மை என்ன? உண்மை ஒரு சமையலறை நாற்காலி. பல்பு மாற்ற நாற்காலி மேல் ஏறுகிற ஆளாக வருவான் பம்பரம். நாற்காலி லேசாக ஆடும். குனிந்து அதனிடம் மன்னிப்புக் கேட்பான். அது இன்னும் ஆடும். கெஞ்சுவான், மிரட்டுவான், தடவிக் கொடுப்பான். கடைசியில், இரண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வந்ததுபோல, அவனும் நாற்காலியும் சேர்ந்தே சாய்வார்கள். பல்பு மட்டும் உடையாமல் கையில் இருக்கும். அதைப் பார்த்து ஒரு நீதிபதி சிரித்துச் சிரித்துப் பல்செட்டை முன்வரிசையில் தொலைத்தார். பாதியாக்கினால், சிரித்தார். ஆனாலும் எவ்வளவு பெரிய கலையாக இருந்தாலும் உயரம் என்னவோ நாற்காலி உயரம்தான். அதற்கு மேல் அந்த இரும்பு இடுப்பு தாங்காது. இது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் பீரோ என்றேன்.

வேலை கிடைத்துவிட்டது. பம்பரம் என் வீட்டுக்கு ஓடி வந்து, வாசல் மிதியடியில் வேண்டுமென்றே வழுக்கி, என் மேல் விழுந்து கட்டிக்கொண்டான். "மச்சான், கூப்டுட்டாங்கடா! என்னைய, என்னையக் கூப்டுட்டாங்க!" அவன் முகத்தைப் பார்த்து, ஊரிலேயே புண்ணியவான் நான்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் தங்கை போன் பண்ணினாள்.

"அண்ணா, மேடையில பீரோ வச்சிருக்காங்களாம். நெசப் பீரோ. இவரு அது மேலேருந்து குதிக்கணுமாம்."

"குதிக்கிறதில்லம்மா, விழுறது" என்றேன், தொழில் மரியாதைக்காக.

"எதுவா இருந்தா என்ன? வீட்டுல கட்டில்லேருந்து மெத்தையைக் கீழ போட்டு விழுந்து பழகறாரு. கீழ் வீட்டுக்காரர் வந்து, உங்க வீட்டுல யானை எதுவும் வாடகைக்கு இருக்கான்னு கேக்கறாரு. விழுந்துட்டு எந்திரிக்கறதுக்குள்ள மூஞ்சி வெளுத்துப் போவுது. வேணாம்னு சொல்லுங்களேன்னா, என்னைய நம்பி ஒருத்தி பீரோ வாங்கிருக்கா, எப்படிச் சொல்றதுங்கறாரு."

"ம்."

"எவனோ ஒரு பாவி அந்தப் பொண்ணுகிட்ட இல்லாததும் பொல்லாததும் சொல்லியிருக்கான் அண்ணா. அவன் நாசமாப் போக. அவன் நாக்குல புண்ணு வர."

"வரட்டும்" என்றேன். "நல்லா வரட்டும்."

மறுநாள் ஒத்திகைக் கூடத்துக்குப் போனேன். பழைய கிடங்கு ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். தகரக் கூரை, தரையில் சுண்ணாம்புக் கோடுகள், மூலையில் தண்ணீர் டிரம். நடுவில் அது நின்றது. நான் பார்த்த பீரோக்களிலேயே உயரமானது. உச்சியில் மேகம் தட்டியது. பாதியாக்குங்கள், அப்போதும் அது பீரோதான். கீழே பம்பரம், முரட்டு மாட்டைப் பழக்குகிறவன்போல அதன் கதவைத் தடவிக்கொண்டு நின்றான்.

"பாத்தியா மச்சான்? எனக்காகவே வாங்கிருக்கா. மேல ஏற ஏணிகூடத் தனியா செஞ்சிருக்காங்க. இத்தனை வருஷத்துல எவனாவது எனக்குன்னு ஒரு முக்காலியாவது வாங்கியிருப்பானா?"

"இல்ல மாப்ள."

"நாளையிலேருந்து மேல ஏறணும்." இடுப்பில் கை வைக்கப் போனவன், யாரோ பார்ப்பதாக நினைத்துக் கையைச் சட்டைப்பைக்கு மாற்றிக்கொண்டான்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவன் கண்ணில் அந்தப் பீரோ பளபளத்தது. வாயை மூடிக்கொண்டு, தண்ணீர் டிரம் பக்கம் நின்ற இயக்குநரைத் தேடிப் போனேன். என் பேத்தி வயது இருக்கும். காதில் பென்சில் செருகியிருந்தாள்.

"அம்மா, அன்னைக்கி பீரோன்னு சொன்னேன்ல, அதை நீங்க பாதியாக்கியிருக்கணும்."

"பாதின்னா? பாதி பீரோவா சார்?"

சட்டத்தை விளக்கினேன். அவள் முகம் மாறியது. "எனக்கு யாருமே சொல்லலையே. நான் நம்பிட்டேனே சார். அப்ப அவரால எதுலேருந்துதான் விழ முடியும்?"

இந்த இடத்தைப் பாதியாக்காதீர்கள். 'நாற்காலி' என்று ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் பயந்துபோயிருந்தேன். அவனை எப்படியாவது அந்த உச்சியிலிருந்து இறக்கிவிட வேண்டும் என்ற வேகம். என் நாக்குக்கோ மேலே போகத் தெரியும், கீழே போகத் தெரியும், நடுவில் நிற்கத் தெரியாது.

"விழுறதா? அதெல்லாம் முடிஞ்சு போச்சும்மா. பாயில படுத்தாலே கைப்பிடி கேக்கறவன் அவன். தும்மினா நாங்க ரெண்டு பேர் புடிச்சுக்கறோம்."

அவள் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தாள். "நல்லவேளை சொன்னீங்க சார்" என்றாள். அந்த நன்றி எனக்கு உள்ளே எங்கேயோ தைத்தது. ஆனாலும் லேசான மனதோடு வீட்டுக்கு வந்து, அன்று பெய்த மழையில் மூன்று பேருக்கு மார்க் போட்டேன்.

இரண்டு நாள் கழித்துப் பம்பரத்தின் வீட்டுக்குப் போனேன். மெத்தை கட்டிலுக்குத் திரும்பியிருந்தது. அவன் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான்.

"வேஷத்தை மாத்திட்டா மச்சான். இப்ப நான் நோயாளி. நாடகம் முழுக்கக் கட்டில்ல போத்திக்கிட்டுப் படுத்திருக்கணும். கால் ரெண்டும் மட்டும் வெளிய தெரியும்."

"கால வச்சே நீ சிரிக்க வச்சிடுவியேடா."

"காலையும் ஆட்டக் கூடாதாம். அலட்டிக்காதீங்க சார்னு அவ்வளவு மரியாதையாச் சொல்றா. நான் உக்காரப் போனா ஒருத்தன் ஓடி வந்து நாற்காலியப் புடிக்கிறான். இன்னொருத்தன் தண்ணி வேணுமாங்கறான்."

வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"ஒண்ணு கேக்கட்டா? அன்னைக்கி நீ வந்தியே, நான் பீரோகிட்ட நின்னப்ப என் மூஞ்சில பயம் தெரிஞ்சுதா?"

"இல்லடா. சத்தியமா இல்ல."

"பின்ன எப்படிக் கண்டுபுடிச்சா? பயந்துதான் இருந்தேன். தொடை நடுங்குச்சு. ஆனா ஒருத்தருக்கும் தெரியாம மறைச்சேன்னு பெருமையா இருந்துச்சு மச்சான். விழறது போனா போவுது, அது எலும்பு விஷயம். பயத்த மறைக்கத் தெரியலன்னா நம்ம தொழிலே போச்சே."

உடம்பைக் காப்பாற்றப் போய் நான் உடைத்தது என்ன என்று அப்போதுதான் உறைத்தது. அவன் அழகாகத்தான் மறைத்திருந்தான். நான் பார்த்தேனே. சொல்ல வாயெடுத்தேன். தங்கை காபியோடு வந்தாள்.

"பீரோ போச்சுன்னு நிம்மதியா இருந்தேன் அண்ணா. இப்ப மனுஷன் சோறு எறங்காம உக்காந்திருக்காரு. எவனோ போட்டுக் குடுத்திருக்கான். போன வாரம் ஏத்தி விட்ட பாவி ஒருத்தன், இந்த வாரம் இறக்கி விட்ட பாவி ஒருத்தன். ரெண்டு பேரும் ஒண்ணா நாசமாப் போக."

காபி சுட்டது. ஊதாமலே குடித்தேன். நாக்கில் புண் வந்தது. என் தங்கை வாக்கு பலிக்கும்.

மறுநாள் அவனுக்கு முன்னாலேயே கூடத்துக்குப் போய்க் காத்திருந்தேன். ஒத்திகை தொடங்கியது. கட்டிலில் வெள்ளைத் துணி மூடி, முனையில் இரண்டு பாதங்கள். மேடை மேடையாக ஏறி ஊரைச் சிரிக்க வைத்த பாதங்கள் அவை. இப்போது கடையில் வைத்த செருப்புபோல அசையாமல் இருந்தன. என்னால் தாங்க முடியவில்லை. சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி நடுவில் போய் நின்றேன்.

"நிறுத்துங்கம்மா. எல்லாரும் இருக்கும்போதே சொல்லிடறேன். பீரோன்னு சொன்னது நான். பொய். அப்புறம் பாய்னு சொன்னதும் நான். அதுவும் பொய்."

வெள்ளைத் துணி மெல்ல இறங்கியது. பம்பரத்தின் நெற்றி தெரிந்தது. பிறகு கண்கள்.

இயக்குநர் எழுந்து வந்தாள். "அப்ப எதுதான் சார் உண்மை?"

நாக்கு துடித்தது. மேசை என்று சொல்லலாமே, மேசையில் பாதகமில்லையே என்று கெஞ்சியது. பல்லைக் கடித்து அதை அடக்கினேன்.

"நாற்காலி. சமையலறை நாற்காலி. இடுப்புல இரும்பு வச்சிருக்கு, இடது பக்கம். வலது பக்கமாத்தான் சாய முடியும். நாற்காலிக்கு மேல முடியாது. ஆனா நாற்காலிலேருந்து அவனைப் போல விழ ஆள் கிடையாது. அவ்வளவுதான்."

என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகச் சிறிய வாக்கியங்கள். சொல்லி முடித்தபோதுதான் அவன் என்னிடம் வாங்கிய சத்தியம் ஞாபகம் வந்தது. இரும்பைப் பற்றிப் பத்துப் பேர் முன்னால் போட்டு உடைத்திருந்தேன்.

பம்பரம் கட்டிலிலிருந்து இறங்கினான். மெதுவாக, வலது காலை முதலில் ஊன்றி, என்னிடம் வந்தான். கையை ஓங்கினான். அது எனக்குத் தெரிந்த ஓங்கல். என் கைகள் என்னைக் கேட்கவே இல்லை. பழக்கதோஷத்தில் நெஞ்சுக்கு நேரே வந்து பளார் என்று தட்டின. அதே நேரத்தில் கன்னத்திலும் பளார் என்றது.

ஒரு அறைக்கு இரண்டு சத்தம். தகரக் கூரையில் போய் இடித்துத் திரும்பியது. யாரோ ஒருவன் வெடித்துச் சிரித்தான். இயக்குநர்கூட வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சார், மன்னிச்சுக்கோங்க, ஆனா அது பிரமாதம். அதை அப்படியே நாடகத்துல…"

"அது நாடகத்துல கிடையாதும்மா" என்றான் பம்பரம், என்மேல் வைத்த கண்ணை எடுக்காமல். "அது குடும்ப விஷயம். ஒரு நாற்காலியும் ஒரு பல்பும் கொண்டாரச் சொல்லுங்க."

கொண்டுவந்தார்கள். ஏறினான். நாற்காலி ஆடியது, அவன் மன்னிப்புக் கேட்டான். இரண்டாவது கெஞ்சலிலேயே தச்சு வேலை செய்தவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். நாற்காலி சாயத் தொடங்கியபோது நான் என் இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். எப்போது போனேன் என்று எனக்கே தெரியாது. தோள் விட்ட உயரத்துக்குக் கையை நீட்டியபடி. அவன் பார்த்தான். பார்த்துவிட்டு, என் கைக்கு எட்டாமல் ஒரு சாண் தள்ளி விழுந்தான். பல்பு உடையவில்லை. அந்த ஒரு சாண், அறையைவிட அதிகமாக வலித்தது.

நாடகம் அரங்கேறியது. பீரோவை அவள் மேடையிலிருந்து எடுக்கவில்லை, கெட்டிக்காரி. பல்பு மாற்ற வந்த பம்பரம் அதை அண்ணாந்து பார்க்கிறான், ஏணியைச் சாத்துகிறான், எச்சில் விழுங்குகிறான். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறது. அவனோ பீரோவைத் திறந்து, உள்ளேயிருந்து ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டுக்கொள்கிறான். பயத்தை அவன் மறைக்கவே இல்லை. பூதக்கண்ணாடி வைத்ததுபோல் காட்டினான். அரங்கத்தின் கூரை பறந்து அடுத்த தெருவில் விழுந்தது. பாதியாக்குங்கள்.

பக்கத்து இருக்கையில் தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்தப் பாவிங்க யாருன்னு தெரிஞ்சுது அண்ணா. ரெண்டும் ஒரே ஆளாமே. விட்ட சாபத்தை வாபஸ் வாங்கலாம்னு நெனச்சேன். பாதிதான் வாங்குவேன்."

"அது போதும்மா" என்றேன்.

வெளியே, பக்கக் கதவருகில் பம்பரத்துக்காக நின்றேன். ஒத்திகையில் அறைந்த நாளிலிருந்து அவன் என்னோடு பேசவில்லை. அப்போது ஒரு கனத்த கை என் முதுகில் விழுந்தது. பழைய நாடகக் கம்பெனி முதலாளி ஒருவர். நாங்கள் சொன்ன பொய்களைப் பாதியாக்கிப் பாதியாக்கியே தலை நரைத்தவர்.

"என்ன முட்டு, உன் ஆள் அசத்திட்டான். அடுத்த மாசம் எனக்கு ஒரு ஆள் வேணும். பீரோகிட்டயெல்லாம் போனான், ஏறலையே. எதுலேருந்து விழுவான்? சொல்லு."

பக்கக் கதவு திறந்திருந்தது. பாதி மை கலைந்த முகத்தோடு பம்பரம் அங்கே நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"நாற்காலி" என்றேன்.

முதலாளியின் கண்ணுக்குள் கணக்கு ஓடுவது தெரிந்தது. நாற்காலியில் பாதி என்றால் முக்காலி, மிஞ்சிப்போனால் மனைப்பலகை. "பழக்கத்த விட்டுட்டேங்க. இப்ப உள்ளத உள்ளபடிதான் சொல்றேன், பாதியாக்காதீங்க" என்று அவசரமாகச் சேர்த்தேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். ரசீது வந்துவிட்டது. "சரி, பாக்கலாம்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். அந்தப் 'பாக்கலாம்' எங்களுக்கு நன்றாகப் பழக்கமான சொல்.

பம்பரம் வெளியே வந்தான்.

"அந்தாளு பழைய ஆளுடா. பாதியாக்குவான்னு உனக்குத் தெரியாது?"

"தெரியும் மாப்ள."

"இந்தாளுகிட்டதான் பீரோன்னு சொல்லியிருக்கணும்."

"அவரு பாதியாக்கினா மேசை வரும்டா. மேசை உன்னால…"

"தெரியும்" என்றான்.

கை ஓங்கினான். என் கைகள் நெஞ்சுக்கு நேரே வந்து காத்திருந்தன. அறை விழவில்லை. அவன் கை என் வலது தோளில் இறங்கி, அங்கேயே ஊன்றிக்கொண்டது. ஆட்டம் முடிந்ததும் இடுப்பு இழுத்துப் பிடிக்கும் அவனுக்கு. ஊன்ற ஒரு முட்டு வேண்டும்.

"நட" என்றான்.

வீடு வரைக்கும் முழுப் பாரத்தையும் என் தோளில் போட்டுத்தான் நடந்தான். இடது தோளுக்கு மாறச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எவ்வளவு வலித்தது என்று உங்களிடமும் சொல்ல மாட்டேன். சொன்னால் பாதியாக்கிவிடுவீர்கள்.